மூன்றாவது வேண்டாம்

கரண்டி இரண்டு முறை குலுங்கியது. முதல் குலுக்கலில் மாட்டிறைச்சித் துண்டு ஒன்று விழுந்தது. அடுத்ததில் இன்னும் இரண்டு. மிஞ்சிய இரண்டு துண்டுகளும் ஏழெட்டு உருளைக்கிழங்குகளும் எம்ரிஸின் தட்டுக்கு வந்து சேர்ந்தன.

“காங் அத்தை, கை நடுங்குதே. உடம்புக்கு ஏதாவதா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் இருமல். கழுத்துல சுத்துற துணி எங்க, பெருசு? ஏப்ரல் வந்துட்டா குளிர் ஓடிடுமா? நகரு, பின்னால பசங்க பசியோட நிக்கிறாங்க.”

காங் அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது. கால்நடைக் கல்லூரியின் இரண்டாவது சாப்பாட்டுக்கூடத்தில் பத்தொன்பது வருடங்களாகக் கரண்டி பிடிக்கிறார். எம்ரிஸுக்கு வயது அறுபத்தொன்று. மாணவர்கள் அத்தை என்று கூப்பிட்டதால் வந்த முதல் நாளே அவரும் அத்தை என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. யாரும் திருத்தவில்லை.

கரண்டியைக் குலுக்குவது அங்கே குற்றமில்லை. எந்தக் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்திலும் அப்படித்தான். அள்ளும்போது மலையாக அள்ளி, தட்டுக்கு வருவதற்குள் மேடாக்கி விடுவார்கள். அதற்காக எம்ரிஸ் வருத்தப்பட்டதில்லை. அவர் வருத்தமெல்லாம் வரிசையில் அடுத்து நின்ற ஆளைப் பற்றியது.

“வணக்கம் அக்கா!” என்றார் இக்னாசியோ.

“வாங்க யீ பேராசிரியர்! இன்னைக்கு இறைச்சி நல்லாப் பதமா வெந்திருக்கு.”

கரண்டி உள்ளே போனது, மேலே வந்தது, நேராகத் தட்டில் கவிழ்ந்தது. துளி நடுக்கம் இல்லை. ஏழு துண்டுகள். எம்ரிஸ் எண்ணினார். ஏழேதான்.

கல்லூரிக்கு வெளிநாட்டு நிபுணர்கள் இரண்டு பேர். எம்ரிஸ் ஆட்டுக் குடற்புழு நிபுணர்; வேல்ஸிலிருந்து வந்து இது இரண்டாவது வருடம். இக்னாசியோ மேய்ச்சல் புல் நிபுணர், உருகுவேக்காரர், போன செப்டம்பரில் வந்தவர். வயது நாற்பத்து நான்கு. ஆறடி மூன்றங்குலம். தலை நிறைய முடி. பிப்ரவரியில் இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆண்டுக்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, அது யாருக்கு என்பதைக் கல்லூரி முடிவு செய்யும், இருவருடைய ஒப்பந்தமும் ஜூன் முப்பதோடு முடிகிறது.

அந்த இடம் எம்ரிஸுக்கு வேண்டும். வேல்ஸில் அவருக்கு வீடு இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் மனைவி க்வென் இறந்த பிறகு, அந்த வீட்டில் சத்தம் போடுவது சமையலறைக் கடிகாரம் ஒன்றுதான். போன கோடை விடுமுறையில் அங்கே போய்ப் பதினோரு நாட்கள் இருந்தார். அந்தப் பதினோரு நாளில் அவரிடம் பேசியவர்கள் இரண்டு பேர்: தபால்காரர் ஒருவர், வழி தவறி வந்து விசாரித்தவர் ஒருவர். இதையெல்லாம் அவர் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. “வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டால், “எல்லாரும் சௌக்கியம்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை ஆடுகளின் பக்கம் திருப்பி விடுவார்.

கடிதம் வந்த பிறகு எம்ரிஸ் சகுனம் பார்க்க ஆரம்பித்தார். மார்ச் பிறந்ததும் சகுனங்கள் எல்லாம் இக்னாசியோ பக்கமே சாய்ந்தன. இக்னாசியோ வெளியூர் போனால் கல்லூரிக் கார். ஓட்டுநர் கோவ் இறங்கி வந்து கதவைத் திறந்து விடுவார். எம்ரிஸ் ஆட்டுப் பண்ணைக்குப் போனால் அதே கோவ் ஓட்டும் பழைய வேன். பின் இருக்கையில் தீவன மூட்டைகளுக்கு நடுவே. இக்னாசியோவின் அறைக்கு ஆப்பிள் பெட்டி போனது. எம்ரிஸின் அறைக்கு, கல்லூரி வெளிநாட்டுறவு அலுவலக இயக்குநர் தாவ் தன் மகளுடைய ஆங்கிலக் கட்டுரையை அனுப்பினார், பிழை திருத்தித் தரச் சொல்லி. விளையாட்டு விழாவில் இக்னாசியோ மேடையில் உட்கார்ந்திருந்தார். எம்ரிஸ் நாற்காலி தூக்கினார். “பெருசு, அந்தப் பக்கம் பிடி!” என்று தாவ்தான் மறுமுனையைப் பிடித்தார்.

அந்தப் ‘பெருசு’தான் அவருக்கு அதிகம் உறுத்தியது. எம்ரிஸ் லாய்ட் என்ற பெயரை இங்கே லூ என்று சுருக்கியிருந்தார்கள். காங் அத்தை முதல் காவல்காரர் வரை எல்லாருக்கும் அவர் லூ பெருசு. இக்னாசியோ மட்டும் யீ பேராசிரியர்.

அன்று மதியம் சாப்பிட்டது அவருக்குச் செரிக்கவில்லை. சாப்பிட்டதே இரண்டு துண்டுதான்.

மறுநாள் வரிசையில் நின்றபோது ஒரு முடிவோடு நின்றார். இக்னாசியோ அக்கா என்கிறான், நாம் அத்தை என்கிறோம். எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

“வணக்கம் அக்கா! இன்னைக்கு நீங்க ரொம்ப இளமையா இருக்கீங்க.”

காங் அத்தையின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“யாருக்கு யார் அக்கா? உன் வயசு என்ன, என் வயசு என்ன? டேய் பசங்களா, கேட்டீங்களாடா? பெருசுக்கு நான் அக்காவாம்!”

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சிரிப்பில் அத்தையின் தோள் குலுங்கியது, தோளோடு கரண்டியும் குலுங்கியது. ஒரே ஒரு துண்டு தப்பிப் பிழைத்து வந்தது.

பின்னால் இக்னாசியோவுக்கு எட்டு.

அடுத்து எம்ரிஸ் பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்தார். வேல்ஸிலிருந்து வரும்போது கொண்டு வந்தது. மூடியில் ஒரு கோட்டையின் படம். பிரிக்காமலே வைத்திருந்தார். அதைப் பரிமாறும் சன்னல் வழியாக நீட்டினார்.

“அத்தை, எங்க ஊர் பிஸ்கட். உங்களுக்குத்தான்.”

“ஐயய்யோ! இதெல்லாம் எதுக்கு? வேண்டாம், வேண்டாம்.”

“சரி அத்தை” என்று எம்ரிஸ் டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. கரண்டி பேசியது. அன்று அவருக்குக் கிடைத்தது சுத்தமான உருளைக்கிழங்கு.

அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நிங் என்ற பெண்ணிடம் போய் முறையிட்டார். அவளுக்கு இருபத்தாறு வயது. அவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

“அவங்கதானே வேண்டாம்னு சொன்னாங்க, நிங்?”

“எத்தனை தடவை சொன்னாங்க, லூ சார்?”

“ஒரு தடவை. இல்ல, வேண்டாம் வேண்டாம்னு சேர்த்துச் சொன்னாங்க.”

“அது ஒரு தடவைதான்.” நிங் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்றது, சார். ரெண்டாவது, பக்கத்துல நின்னு பார்க்கிறவங்களுக்காக. மூணாவது தடவை நீங்க கையில திணிக்கணும். அப்ப வாங்கிக்குவாங்க. அப்பவும் வேண்டாம்னா, அதுதான் நிஜ வேண்டாம்.”

“இதை வந்த அன்னைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே!”

“இதையெல்லாமா சொல்லித் தருவாங்க?”

டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பப் போகலாம் என்று, இருவரும் தங்கியிருந்த விடுதிக்கு ஓடினார். பொதுச் சமையலறை மேசையில் வைத்திருந்த டப்பாவைக் காணவில்லை. மறுநாள் அது சாப்பாட்டுக்கூடச் சன்னலுக்குப் பின்னால் இருந்தது. கோட்டை தெரியும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

“யீ பேராசிரியர் குடுத்தது” என்று காங் அத்தை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “மூணு தடவை வேண்டாம்னேன். மனுஷன் விடவே இல்லையே! படிச்சவங்கன்னா இப்படி இருக்கணும்.”

இக்னாசியோ தலையைச் சொறிந்தார். “லூ, மேசையில சும்மா கிடந்துச்சு, நீங்க வேண்டாம்னு போட்டதாக்கும்னு நினைச்சேன்.”

“பரவாயில்ல” என்றார் எம்ரிஸ். அன்று முழுக்க ஆட்டுச் சாண மாதிரிகளைக்கூட முறைத்தபடிதான் பார்த்தார்.

மே மாதம் வந்தது. ஒரு நாள் மாடிப்படியில் இக்னாசியோ சொன்னார்: “நிங் என் கடவுச்சீட்டு நகல் கேட்டா. அலுவலக வேலையாம். உங்ககிட்டயும் கேட்டாளா?”

கடவுச்சீட்டு நகல் வேறு எதற்கு? அடுத்த வருட அனுமதிக்குத்தான். எம்ரிஸ் தன்னுடையதை எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி அலுவலகத்துக்குப் போனார்.

“நிங், என் கடவுச்சீட்டு. நகல் எடுத்துக்கோ.”

“உங்களுது தேவையில்லையே, லூ சார்.”

“சும்மா எடுத்து வச்சுக்கோயேன்.”

“வேண்டாம் சார்.”

“எடுத்துக்கோம்மா.”

“வேண்டாம் சார்.”

“இந்தா.” மேசையில் வைத்து அழுத்தினார்.

“சார், நிஜமாவே வேண்டாம்” என்று அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று முறை. அவள் சொல்லிக் கொடுத்த கணக்குப்படியே மூன்று முறை. எம்ரிஸ் பூங்காவில் போய் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் விசிறியை விரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கூப்பிட்டாள்: “பெருசு, சும்மாதானே இருக்கே? பாட்டுப் பெட்டியைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்து!” நகர்த்தினார். இக்னாசியோவாக இருந்தால் இப்படி வேலை சொல்லியிருப்பார்களா?

பெட்டியை நகர்த்திவிட்டு நிமிரும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஊரில் வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இருக்கிறேன் என்று கெஞ்சக் கூடாது. போகிறேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் தடுப்பார்கள். ஒரு முறை மறுக்கலாம். இரண்டாம் முறையும் மறுக்கலாம். மூன்றாம் முறை அவர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சும்போது, பெருந்தன்மையாக, சரி என்று சொல்ல வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்றுதான் அவருக்கு வருத்தம்.

இயக்குநர் தாவ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வா பெருசு, உட்காரு. என் பொண்ணு கட்டுரையை இன்னும் பார்க்கலையா நீ? அவ என் உயிரை எடுக்கறா.”

“தாவ், நான் ஊருக்குத் திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்.”

தேநீர் கோப்பைக்கு வெளியே வழிந்தது.

“என்னப்பா சொல்ற? இங்க உனக்கு என்ன குறை? அதெல்லாம் போகக் கூடாது.”

ஒன்று, என்று எண்ணிக்கொண்டார் எம்ரிஸ். உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி துள்ளியது.

“இல்ல தாவ். போகணும்.”

“இன்னும் ஒரு வருஷம் இரு. வசந்தத்துல ஆடெல்லாம் குட்டி போடுற சமயம், நீ இல்லாம நாங்க என்ன பண்றது? புழுவைப் பத்தி உன்னை விட்டா யாருக்குத் தெரியும்? இருந்துட்டுப் போப்பா.”

இரண்டு. இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஒரு வலுவான மறுப்பாகச் சொல்லி வைத்தால், மூன்றாவது கெஞ்சலும் வலுவாக வரும். எம்ரிஸ் தேடினார். வாயில் வந்ததைச் சொன்னார்.

“முடியாது, தாவ். வீட்டுல எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க.”

அந்த வாக்கியத்தை அவர் நான்கு வருடங்களாகச் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தாவ் சன்னல் பக்கம் பார்த்தார். எம்ரிஸ் காத்திருந்தார். சிந்திய தேநீரை தாவ் துணியால் துடைத்தார், புதிதாக ஊற்றினார், இரண்டு கைகளாலும் கோப்பையை எடுத்து எம்ரிஸின் முன் வைத்தார்.

“தேநீர் எடுத்துக்குங்க” என்றார். “பேராசிரியர் லூ.”

எம்ரிஸ் திகைத்தார். எடுத்துக்குங்க! பேராசிரியர்! மூன்றாவது கெஞ்சல் வரவில்லை. ஆனால் இது வந்துவிட்டதே! வாசல் வரை வந்து, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக் குலுக்கி, “நான் உங்க மனசைப் புரிஞ்சுக்கிட்டேன்” என்றார் தாவ்.

படியிறங்கும்போது எம்ரிஸுக்கு விளங்கிவிட்டது. ஓர் இயக்குநர் மூன்று முறை வாயால் கெஞ்சுவாரா? கௌரவம் என்ன ஆவது? மூன்றாவதைச் செய்கையில் காட்டுவார்கள்.

காட்டினார்கள்.

மறுநாளே அறைக்குச் செர்ரிப் பழப் பெட்டி வந்தது. அதற்கடுத்த நாள் பட்டு உறை போட்ட தேயிலை டப்பா. பண்ணைக்குப் போக, வேனுக்குப் பதிலாகக் கார் நின்றது. கோவ் இறங்கி வந்து கதவைத் திறந்தார். பத்து நாளில் நிங்கே அறைக்கு வந்து கதவைத் தட்டினாள்.

“பேராசிரியர், உங்க கடவுச்சீட்டு நகல் வேணும்.”

“வேண்டாம்னியே?” என்றார் எம்ரிஸ் குறும்பாக.

“இப்போ வேணும், சார்” என்றாள். ஏனோ அவள் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டி அசையவே இல்லை. எம்ரிஸின் தட்டில் ஒன்பது துண்டுகள் விழுந்தன. ஒன்பது! ஒரு தட்டில் இத்தனை இறைச்சியை அவர் இங்கே பார்த்ததில்லை.

“போதுமா, பேராசிரியர்? இன்னும் போடட்டுமா?”

“போதும் அத்தை.” அவர் இருமினார். கழுத்துத் துணி வேறு போட்டிருக்கவில்லை. மழை பெய்து குளிர்ந்த நாள். அத்தை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னால் நின்ற இக்னாசியோவுக்குக் கரண்டி மூன்று முறை குலுங்கியது.

“என்ன நெட்டை, தட்டை இப்படி நீட்டறே? சட்டையில பொத்தான் எங்க? ஊசி நூல் கிடையாதா வீட்டுல? நகரு, நகரு.”

எம்ரிஸுக்கு ஒன்பது துண்டுகளும் ருசித்தன. ஆனாலும் காது அந்தப் பக்கமே இருந்தது. நகரு நகரு என்ற சத்தத்தைக் கேட்டு ஏன் தனக்கு உறுத்துகிறது என்று அவருக்குப் புரியவில்லை. பழைய வயிற்றெரிச்சலின் மிச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதே வாரம் இக்னாசியோ நாற்காலி தூக்கிப் போவதைப் பார்த்தார். இக்னாசியோவின் கையில் தாவின் மகள் எழுதிய கட்டுரையையும் பார்த்தார். ஒரு புல் நிபுணருக்கு ஆங்கிலக் கட்டுரையா! பாவம், பையன் வீழ்ந்துவிட்டான். அன்று மாலை செர்ரியில் பாதியை இக்னாசியோவுக்குக் கொடுத்தார்.

“ரெண்டு மாசமா எனக்கும் தினம் பழம் வந்துச்சு, லூ” என்றார் இக்னாசியோ வாய் நிறையச் செர்ரியோடு. “திடீர்னு நின்னு போச்சு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியல.”

“வருத்தப்படாதே. எல்லாருக்கும் ஒரு காலம் வரும்” என்று எம்ரிஸ் அவர் முதுகில் தட்டினார்.

ஜூன் இருபத்தாறாம் தேதி விருந்து என்று சொன்னார்கள். முடிவை அன்று தெரிவிப்பார்கள். எம்ரிஸ் கோட்டுக்கு இஸ்திரி போட்டார். விருந்து சாப்பாட்டுக்கூடத்தின் மாடியறையில். ஆறு மணி வெயில் சன்னல் வழியாக வட்ட மேசை முழுக்கக் கிடந்தது.

“பேராசிரியர், இங்க வாங்க.” வாசலை நேருக்கு நேர் பார்க்கும் நாற்காலி. அதில்தான் முதல் விருந்தாளி உட்கார வேண்டும். எம்ரிஸ் ஒரு முறை மறுத்தார், இரண்டு முறை மறுத்தார், மூன்றாம் முறை தாவ் தோளைப் பிடித்து அழுத்தியதும் உட்கார்ந்தார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். இக்னாசியோவுக்குக் கிடைத்தது வாசலை ஒட்டிய இடம். தட்டுகள் அவர் காதை உரசிக்கொண்டு வந்தன.

“நெட்டை, வாசல்லதானே இருக்கே? கீழ இறங்கி இன்னும் நாலு பீர் சொல்லு!” என்று தாவ் கத்தினார். இக்னாசியோ எழுந்து ஓடினார்.

மீனைக் காங் அத்தையே கொண்டு வந்து வைத்தார். மேசையைச் சுற்றித் திருப்பி, மீன் தலை எம்ரிஸைப் பார்க்கும்படி நிறுத்தினார். மீன் யாரைப் பார்க்கிறதோ அவருக்குத்தான் அன்றைய விருந்து. அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. கீழே மிளகாய் வறுத்திருப்பார்கள் என்று எம்ரிஸ் நினைத்தார்.

“சாப்பிடுங்க, பேராசிரியர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தாவ் கோப்பையோடு எழுந்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பேராசிரியர் லூ எங்க இருந்தாலும் நம்ம ஆள். இந்த வாசல் அவருக்கு எப்பவும் திறந்தே இருக்கும்!”

எம்ரிஸுக்குக் கண் கலங்கியது. கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்தார். பீர் புட்டிகளோடு மூச்சு வாங்க வந்து நின்ற இக்னாசியோவைப் பார்த்து, ஜெயித்தவன் தோற்றவனுக்குக் காட்டும் கருணையோடு தலையசைத்தார். இந்த ஊரை இரண்டே வருடத்தில் படித்துவிட்டோம் என்று தோன்றியது. நாளைக்கே ஓர் உரோமக் கம்பளம் வாங்க வேண்டும். வருகிற குளிர்காலத்துக்கு அறைக்கு ஆகும்.

எல்லாரும் ஒவ்வொருவராக வந்து அவர் கோப்பையோடு கோப்பை தட்டினார்கள். கடைசியாக ஓட்டுநர் கோவ் வந்தார். வண்டி ஓட்ட வேண்டியவர் என்பதால் அவர் கையில் வெறும் தேநீர். கோப்பையை எம்ரிஸின் கோப்பைக்கு ஒரு விரற்கடை கீழே தாழ்த்தி, மரியாதையாகத் தட்டினார்.

“முப்பதாம் தேதி விடிகாலை நாலரைக்கு வண்டியோட கீழ நிப்பேன், பேராசிரியர், அந்த நெட்டையை அனுப்பிட்டு உங்களை வச்சுக்கறதுன்னு மார்ச்சுலயே முடிவாகி, விமானத்துக்கு அவரை ஏத்திட்டுப் போகணும்னுதான் எனக்குச் சொல்லியிருந்தாங்க — உங்களுக்காக வீட்டுல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னு அப்ப எங்க யாருக்குத் தெரியும்?”